மதகைத் திறந்தவர்

மார்ச் 4, செவ்வாய்

ஊர் வைக்கப்போகும் சிலைக்குச் சிற்பி களிமண் மாதிரியைக் காட்டினார். அதில் மறைந்த என் கணவர் மதகின் சக்கரத்தைப் பிடித்தபடி நிற்கிறார். மூக்கு மழுங்கல், கண்ணாடி கோணல், சட்டையில் ஒரு பொத்தான் குறைவு. மூன்றையும் சொன்னேன்.

"உங்க கண்ணுக்கு எதுவும் தப்பாதும்மா" என்றார்.

நான்காவதைச் சொல்லவில்லை. அந்தக் கை. அவர் அந்தச் சக்கரத்தைத் தொட்டதே இல்லை.

மார்ச் 5

சிலையில் பொறிக்கும் வாசகத்துக்கு, ஒப்புதல் தாளில் நான் கையெழுத்திட வேண்டும். 'பெருவெள்ளத்தன்று மதகைத் திறந்து ஊரைக் காத்த பொறியாளர்.' அன்று அவர் கடும் காய்ச்சலில் கிடந்தார். நெற்றியில் ஈரத்துணி போட்டவள் நான். கழுத்தளவு நீரில் நின்று திறந்தவர் அவரிடம் வேலை பார்த்த மேஸ்திரி. பதக்கம் மட்டும் இவருக்கு வந்தது. இவரும் மறுக்கவில்லை, நானும் மறுக்கவில்லை. மேஸ்திரி வாயே திறக்காமல் அடுத்த வருடம் போய்ச் சேர்ந்தார்.

பதக்கத்தைக் கூடத்தில் மாட்ட இவர் ஒருநாளும் விடவில்லை.

மார்ச் 6

மகனிடம் தொலைபேசியில் சொன்னேன். "ஊரே கூப்பிட்டு மரியாதை பண்ணுது. நீங்களே அப்பா மானத்தை வாங்கணுமா?"

மானமாம்! பொய்யைக் கல்லுல செதுக்கி நடுத்தெருவுல நிக்க வச்சா, அதுக்குப் பேரு மானமாடா? — கேட்கவில்லை. வைத்துவிட்டேன்.

மார்ச் 7

கையெழுத்திடவில்லை. நடந்ததை எழுதிச் சிலைக் குழுவுக்கு அனுப்பினேன். ஒன்றரைப் பக்கம். அடித்தல் திருத்தல் இல்லை. பள்ளியில் எனக்கு எழுதக் கற்றுக்கொடுத்த சிஸ்டர்கள் பார்த்தால் குறை சொல்லமாட்டார்கள்.

மார்ச் 11

குழுத் தலைவர் வந்தார். வசவு வாங்க நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

"எங்க தாத்தாவும் இதையேதான் சொல்வாரும்மா. ஆனா அரசாங்கக் காகிதத்துல வேற மாதிரி இருந்துச்சு. உங்ககிட்ட எப்படிக் கேக்கறதுன்னு பயந்துட்டோம்."

பாதி ஊருக்குத் தெரிந்த பூசணிக்காயை நாற்பது வருடமாகச் சோற்றில் மறைத்துக்கொண்டிருந்திருக்கிறேன்! அவர் போனதும் சிரித்தேன். தனியாக, சத்தமாக.

மார்ச் 20

குழு முடிவெடுத்துவிட்டது: மேஸ்திரிக்கே சிலை. ஆனால் அவர் படம் ஒன்றுகூட இல்லை. அவர் இறந்தபோது மகள் கைக்குழந்தை. முகம் நினைவிருக்கிறதா என்று சிற்பி என்னிடம் கேட்டார்.

மறக்குமா? மதகைத் திறந்துவிட்டு நேரே எங்கள் வாசலுக்குத்தான் வந்தார். சொட்டச் சொட்ட நின்று, "ஐயாவுக்குக் காய்ச்சல் விட்டுதாம்மா?" என்று கேட்ட முகம்.

ஏப்ரல் 2

சிற்பியின் பட்டறையில் மூன்றாம் நாள். காதை இரண்டாம் முறையும் பெரிதாக்கச் சொன்னேன்.

"எங்கப்பாவுக்கு இவ்ளோ பெரிய காதாம்மா?" என்றாள் மேஸ்திரியின் மகள்.

"உன் காதைத் தொட்டுப் பாரு."

தொட்டாள். சிரித்தாள், பிறகு அழுதாள்.

வீட்டுக்கு வந்து இவர் படத்தைத் துடைத்தேன். "நல்லவேளை, அந்த மழுங்கல் மூக்கோடு நடுத்தெருவில் நிற்காமல் பிழைத்தீர்கள்" என்றேன்.