நீ அனுப்பிய டிரில் மெஷினைப் பிரித்துப் பார்த்தேன்

அன்புக் கண்ணுக்கு,

அம்மா எழுதுகிறேன். அங்கே குளிர் குறைந்து, நீயும் வேளைக்குச் சாப்பிட்டுத் தூங்கி நன்றாக இருப்பாய் என்று நம்புகிறேன். இங்கே நான், அப்பா, மாமா மூன்று பேருக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை, மனசைப் பற்றி மட்டும் கேட்காதே, பத்து நாளாக அது ஒரு நிலையில் இல்லை, காரணம் நீயும் நீ அனுப்பிய டிரில் மெஷினும்தான். அப்பா பள்ளி வேன் ஓட்டுவதை விட்டதிலிருந்து என் ரிப்பேர் கடையில் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு, வருகிறவர் போகிறவரிடமெல்லாம் பேசுகிறார், எனக்கு வேலை ஓடமாட்டேன் என்கிறது. மாமாவுக்கு முட்டிவலி தேவலை, ஆனால் வலி இருந்தபோது பழகிய சுகம் விடவில்லை, டீ இன்னமும் அவன் உட்கார்ந்த இடத்துக்கே போக வேண்டியிருக்கிறது.

பார்சலோடு வந்த உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். எவனோ ஒருவன் வீடியோவில் உங்கள் கம்பெனி மெஷினைப் பிரித்துப் போட்டு, இதுக்கா இவ்வளவு விலை என்று சிரித்தானாம், அதன் பல்சக்கரப் பெட்டி நீ ஆறு வருஷம் உட்கார்ந்து வடிவமைத்ததாம், அன்றிலிருந்து உனக்குத் தூக்கம் போய்விட்டதாம். இருபத்தாறு வருஷமா மெஷின் பிரிக்கிறவ நீ, நீயே பிரிச்சுப் பார்த்துச் சொல்லும்மா, மோசம்னு நீ சொன்னா வேலையை விட்டுட்டு வந்துடறேன் என்று முடித்திருந்தாய். அந்தக் கடைசி வரியைப் படித்ததும் எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. பெற்றவளிடம் கேட்கிற கேள்வியா இது? எந்தப் பதிலைச் சொன்னால் பிள்ளை வீட்டுக்கு வருவான் என்பதையும் எழுதிக் கொடுத்துவிட்டு, நியாயமாகச் சொல் என்றால் நான் எங்கே போவேன்.

எந்த மெஷினையும் உள்ளே பார்க்காமல் ஒரு துளைகூடப் போடமாட்டேன், என் வழக்கம் உனக்குத் தெரியும். வெள்ளைத் துணியை விரித்து, ஸ்குரூ போட்டு வைக்கிற பழைய ஸ்பீக்கர் காந்தத்தை வலது பக்கமும் உன் கடிதத்தை இடது பக்கமும் வைத்து உட்கார்ந்தேன். ஸ்குரூ ஒன்பதும் ஒரே இறுக்கத்தில் கழன்றன, அதற்கே பாதி மார்க் போட்டுவிட்டேன். உடம்பைப் பிளந்த பிறகுதான் குழப்பம் ஆரம்பித்தது. மோட்டாருக்குள் கரண்டைக் கடத்துகிற கார்பன் பிரஷ்ஷைத் தேடுகிறேன் தேடுகிறேன், காணோம். அக்கா, இது பிரஷ்ஷே இல்லாத மோட்டார், நீ தலைகீழா நின்னாலும் கிடைக்காது என்று மாமா சிரிக்கிறான். பல்சக்கர மூடியைக் கையில் எடுத்தால் கனமே இல்லை, பிளாஸ்டிக்குக்கு வெள்ளிப் பெயின்ட் அடித்து ஏமாற்றியிருக்கிறார்கள் என்று ஊசியால் சுரண்டினேன், அசல் உலோகம்தான். நம் கடையில் எருமை என்று கூப்பிடுவோமே அந்தப் பழைய மெஷின், அதைக் காட்டித்தானே கனமாக இருந்தால் நல்ல மெஷின் என்று ஊருக்கெல்லாம் சொல்லியிருக்கிறேன், இனி அவர்கள் முகத்தில் எப்படி விழிப்பேன்? சர்க்யூட் போர்டு மேல் முழுக்கப் பிசின் ஊற்றி மூடியிருக்கிறது. தூசி தண்ணீர் போகாமல் காக்கிறார்களா, என்னைப் போன்றவள் கைவைத்துச் சரிசெய்துவிடக் கூடாது என்று பூட்டுகிறார்களா, புரியவில்லை. ரெண்டும் இருக்கலாம் என்றார் அப்பா, அவர் என்றைக்கு ஒரு பக்கம் சேர்ந்து பேசியிருக்கிறார். சக்கரத்தின் ஒவ்வொரு பல்லையும் நகத்தால் தடவினேன், பிசிறு இல்லை. என் பிள்ளை யோசித்துச் செய்தது என்று கண் கலங்கியது, அடுத்த நிமிஷமே, அடப்பாவி, இதற்குப் போய் ஆறு வருஷத்தைக் கொடுத்தாயே என்று கோபம் வந்தது.

திரும்பப் பூட்டி ஓட்டினால் கரகரவென்று ஒரு சத்தம். ஸ்குரூடிரைவர் முனையை மூடியில் வைத்துப் பிடியைக் காதோடு சேர்த்துக் கேட்டேன், சந்தேகமே இல்லை, உன் பல்சக்கரப் பெட்டிதான். அந்த நேரம் பார்த்து உள்ளே வந்தார் பக்கத்துப் பட்டறையில் கதவு செய்கிறவர், என்னக்கா, இவ்வளவு பெரிய கம்பெனி மெஷின் மாவு மில்லு மாதிரி கத்துது என்றார். நியாயமாக எனக்கு வருத்தம் வந்திருக்க வேண்டும், வந்தது சந்தோஷம். அன்றைக்கே ஒரு கடிதம் எழுதினேன், மெஷின் மோசம், பெட்டியைக் கட்டிக்கொண்டு வா என்று இரண்டே வரி. அப்பாவிடம் சொன்னதும் அவர் உன் அறையில் அடைத்து வைத்திருந்த பழைய டயர்களை வெளியே உருட்டிவிட்டு, கழற்றிப் போட்டிருந்த உன் கட்டிலை எடுத்துப் பூட்ட ஆரம்பித்துவிட்டார்.

மறுநாள் காலை கவரில் முகவரி எழுத உன் கடிதத்தை எடுத்தேன். அதன் பின்பக்கம் கிரீஸோடு ஒட்டிக்கொண்டு ஒரு வாஷர், நகத்தின் கனம்கூட இல்லை. சக்கரத்துக்கும் பேரிங்குக்கும் நடுவில் இருக்க வேண்டியது, அதை விட்டுவிட்டுத்தான் பூட்டியிருக்கிறேன். இத்தனை வருஷத்தில் ஒரு வாஷரை விட்டவள் இல்லை நான், மாமா விட்டால் நாள் முழுக்கத் திட்டுகிறவள். கை தவறியதா, மனசே பார்த்தும் பார்க்காமல் விட்டதா, சத்தியமாக எனக்குத் தெரியவில்லை. உள்ளே அப்பா பாட்டுப் பாடிக்கொண்டு கட்டிலுக்கு நட்டு முறுக்கிக்கொண்டிருந்தார். வாஷரைக் குப்பையில் போட்டுவிட்டுக் கவரை ஒட்டினால் யாருக்குத் தெரியும் என்றும் நினைத்தேன், உன்னிடம் மறைக்கமாட்டேன். பிறகு மெஷினைப் பிரித்து வாஷரைப் போட்டுப் பூட்டினேன். சத்தம் நின்றுவிட்டது. நான் அழுதேன். ஏன்க்கா, மெஷின் நல்லாத்தானே ஓடுது என்கிறான் மாமா.

கதவு செய்கிறவர் நாலு நாள் அதை வைத்துத் தேக்கிலும் இரும்பிலும் துளை போட்டுப் பார்த்துவிட்டு இப்போது திருப்பித் தரமாட்டேன் என்கிறார். ஆகவே மெஷின் நல்ல மெஷின்தான், பிசின் விஷயத்தை மட்டும் உன் மேலதிகாரியிடம் கேள். சிரித்தவன் ஒருவேளை என்னைப் போல ஒரு வாஷரை விட்டிருப்பான், நீ தூங்கு. ஒன்று மட்டும் சொல்கிறேன், வருவதா இருப்பதா என்பதை இனி மெஷினைப் பிரித்துப் பார்த்து முடிவு செய்யச் சொல்லாதே. என்னையும் கேட்காதே, கேட்டால் வா என்றுதான் சொல்வேன்.

எந்தக் குறையும் இல்லாமல் நூறு வயசு நல்லா இரு. இரண்டு வரிக் கடிதத்தைக் கிழித்துவிட்டேன். கட்டிலை மட்டும் கழற்ற வேண்டாம் என்று அப்பாவிடம் சொல்லியிருக்கிறேன், ஞாபகம் வைத்துக்கொள்.

இப்படிக்கு,
கிரீஸ் கையோடு,
உன் அம்மா