எர்மோன் சபையின் ஒருமனதான தீர்மானம்

பான்ட்வென்,
4 மார்ச் 1957

என் எலினெட்டுக்கு,

நீயும் மகளும் சுகமா? எனக்கு முழங்கால் வலியைத் தவிர குறையில்லை. தகரத் தொழிற்சாலையில் இன்னொரு உலையை அணைத்துவிட்டார்கள். கொடியில் போட்ட துணியில் கரி படியாமல் இருப்பது ஒரு மாதிரியாக இருக்கிறது.

நம் எர்மோன் மெதடிஸ்ட் ஆலயத்துக்கு நூறு வயது. வரலாறு எழுதும் வேலையைச் சபை மூப்பர்கள் என் தலையில் கட்டிவிட்டார்கள். "பள்ளிக்கூடத்துல டீச்சரா இருந்தவ, ரெண்டு பக்கம் எழுத மாட்டியா?" என்று மூப்பர் ஹவெல் சபையின் பழைய குறிப்பேடுகளைக் கொண்டுவந்து கொட்டினார். உலை ஆட்கள் வேலை முடிந்து ஆற்றுக் கல்லைச் சுமந்து சுவர் எழுப்பியது, கூரை இரண்டு தடவை காற்றில் போனது, எல்லாம் எழுதிவிட்டேன். 1923க்கு வந்ததும் பேனா நின்றுவிட்டது.

"எலினெட் பிரைஸ், கல்யாணமாகாமல் கர்ப்பம். சபையார் கைதூக்கி, ஒருமனதாக நீக்கினார்கள்."

ஒருமனதாகவா? நான் மட்டும் கை தூக்கவில்லை என்று நீதானே வருஷா வருஷம் எழுதுகிறாய்? அதற்காகத்தானே உன் பெண்ணுக்கு என் பெயரை வைத்தாய்? எனக்கு ஒன்றும் புரியவில்லையடி.

உன் மோர்வித்

லிவர்பூல்,
11 மார்ச் 1957

அடி மோர்வித்,

விட்டுத் தள்ளு. அதை எழுதிய கிழவருக்குக் கண்ணே சரியில்லை. அத்தனை பேரும் கையைத் தூக்கினார்கள், உன் கை மடியில் இருந்தது. அதை மறப்பேனா?

பெந்தெகொஸ்தே திருநாள் ஊர்வலத்துக்கு நானும் உன் பெயர்க்காரியும் வருகிறோம். "அந்த ஒரே ஆளை நான் பாக்கணும்மா" என்று ஒரே பிடிவாதம். முப்பத்து நாலு வருஷம் கழித்து அந்த வாசல்படியை மிதிக்கப் போகிறேன், உன்னை நம்பித்தான்.

எலினெட்

பான்ட்வென்,
20 மார்ச் 1957

எலினெட்,

நாலு நாளாகக் குறிப்பேட்டையே புரட்டிக்கொண்டிருக்கிறேன். பாவம், அந்தக் கிழவர் மேல் பழி போடாதே. 1908இல் ஞாயிற்றுக்கிழமை பந்து விளையாடியவனை நீக்கியபோது, "இருவர் கை தூக்கவில்லை" என்று பெயரோடு எழுதியிருக்கிறார். என் பெயரை மட்டும் விடுவாரா?

எனக்கு நினைவிருப்பதைச் சொல்கிறேன். அம்மா முழங்கையால் இடித்தாள். "தூக்குடி, எல்லாரும் பாக்குறாங்க" என்றாள். நான் பச்சைக் கையுறை போட்டிருந்தேன். அதற்கு மேல் ஒன்றுமில்லை. ஒரு சமயம் கை மடியில் இருந்தது போல இருக்கிறது, இன்னொரு சமயம் மேலே. நீ எழுதி எழுதி அதுவே எனக்கு நினைவாகிவிட்டதோ? பைத்தியம் பிடிக்கும் போலிருக்கிறது.

இன்னொன்று. நீக்கப்படுகிறவர் மூப்பர்கள் பெஞ்சைப் பார்த்துத்தானே நிற்கவேண்டும், நமக்கெல்லாம் முதுகைக் காட்டிக்கொண்டு? அப்படியானால் என் கையை நீ எப்படிப் பார்த்தாய்? உண்மையைச் சொல். தெரியாமல் உன் பெண் முகத்தில் விழிக்க எனக்குத் தெம்பில்லை.

மோர்வித்

லிவர்பூல்,
2 ஏப்ரல் 1957

அன்பு மோர்வித்,

திரும்பிப் பார்த்தேன். பெஞ்சுகள் கிறீச்சிட்டதும் ஒரே ஒரு தடவை. உன் கையும் மேலேதான் இருந்தது.

அன்றைக்கு உன்னை வெறுத்தேன். பிறகு இங்கே சலவைக்கூடத்தில், ஏழு மாத வயிற்றோடு மற்றவர்கள் துணியை வெளுக்கும்போது, நம் ஊரில் எனக்கென்று ஒருத்தியாவது இருந்தால் தேவலை என்று தோன்றியது. உன்னை விட்டால் யார்? உன் கையை நானே இறக்கி வைத்துக்கொண்டேன். உனக்கும் அப்படியே எழுதினேன். நீ ஆமாம் என்றும் எழுதவில்லை, இல்லை என்றும் எழுதவில்லை. அப்போதே அழுதேன். ஆனாலும் அடுத்த கடிதம் போட்டேன். கோபம் எந்த வருஷம் போனது என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது.

வரலாற்றில் உள்ளபடியே எழுது, என் பெயரோடு. ஊர்வலத்தன்று பத்து மணி ரயிலுக்கு வருகிறோம், ஸ்டேஷனுக்கு வா. அவள் கேட்டால் மட்டும், தூக்கவில்லை என்றே சொல். முப்பத்து மூன்று வருஷமாக நான் அவளைக் கூப்பிடுகிற பெயர் உன் பெயர், இனிமேல் மாற்ற முடியாது.

எலினெட்