மஞ்சள் தடவிய நோட்டீஸ்

10-3-1974, ஞாயிறு இரவு

என் வீட்டுக்காரர் மேல் கோபம் இன்னும் போகவில்லை. போகவில்லை என்றுதான் காட்டிக்கொள்கிறேன்.

காணும் பொங்கலன்று எங்கள் ஜவுளிக்கடை நோட்டீஸைக் கடற்கரையில் கொடுத்தோம். மறுநாள் பாதி மணலில் கிடந்தது, பாதி கடலுக்குள் போயிற்று. "மீன விட உங்க நோட்டீஸ்தான்மா வலையில நிறைய கீது" என்று மீன்காரி மரகதம் வாசலில் நின்று சத்தம் போட்டுவிட்டுப் போனாள். அன்றிலிருந்து இவருக்கு மனசே சரியில்லை. இனி நோட்டீஸுக்குப் புதுக் காகிதம் வாங்குவதில்லை என்றார்.

அதற்காக, பரணில் மிஞ்சிக் கிடந்த எங்கள் கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கத்திலா அச்சடிப்பது? மாசிமகத்துக்கு வந்த கூட்டம் கையில் வைத்துக்கொண்டு நின்றபோதுதான் எனக்கே தெரிந்தது. ஒரு பக்கம் எங்கள் பெயர், மறுபக்கம் லுங்கி, பாவாடை. இரண்டு நாளாக இவரோடு பேசவில்லை.

இன்று சாயங்காலம் கரைக்குப் போய்ப் பார்த்தேன். ஒரு நோட்டீஸ்கூடக் கீழே கிடக்கவில்லை. மரகதம் வீட்டில் எட்டிப் பார்த்தால், சாமி படத்துக்குப் பின்னால் எங்கள் பத்திரிகை செருகியிருக்கிறது.

"மூலைல மஞ்சா தடவி கீது. அத்த எப்டிமா கீழ போடறது?" என்றாள்.

ராத்திரி சாதம் போடும்போது, அடுத்த பண்டிகைக்கு என்ன உத்தேசம் என்று மெல்லக் கேட்டேன்.

"உன் தங்கச்சி கல்யாணப் பத்திரிகையும் கொஞ்சம் மிச்சம் கீதில்ல?" என்றார், இலையிலிருந்து தலையைத் தூக்காமல்.