மிச்சம் வந்த நூல் உருண்டை

கொழுந்து பறிக்க மலைக்குக் கிளம்பும் அவசரத்தில், தவமலர் கலண்டர் தாளைக் கிழித்து அதன் பின்பக்கத்தில் புருஷனுக்கு எழுதினாள். நேற்றுச் சண்டைக்குப் பிறகு இருவருக்கும் பேச்சில்லை. நல்லமுத்து போர்வைக்குள் சுருண்டு கிடந்தார்.

"ரொட்டி மூடி வச்சிருக்கேன். சம்பல்ல உறைப்பு போடல. பாதியாவது சாப்பிடுங்க, நாய்க்குப் போட்டுட்டு சாப்பிட்டேன்னு சொல்லாதீங்க. வெளிய போனா சாவிய பக்கத்து வீட்டு லோஜினிகிட்ட குடுங்க."

பேனா நின்றது. மார்கழிக் குளிருக்கான அவருடைய ஸ்வெட்டரை நேற்றுத்தான் பின்னி முடித்தாள். சரிபுதீன் கடையில் வருஷா வருஷம் வாங்கும் அதே அரக்குச் சிவப்பு நூல், அதே எண்ணிக்கை உருண்டைகள். எப்போதும் கழுத்துப்பட்டி முடியும்போது நூலும் முடிந்துவிடும். இந்த முறை ஒரு முழு உருண்டை கூடையிலேயே கிடந்தது. அதைப் பார்த்து அவள் அழுததும் அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "கணக்கு தெரியாம கூட வாங்கிட்டு ஒப்பாரி வைக்கிறியா? கடையில திருப்பிக் குடு!"

மறுபடி எழுதினாள்.

"நான் கூட வாங்கல. இந்த வருஷம் உங்க உடம்ப அளந்துதான் பின்னுனேன். இன்னமும் ஆஸ்பத்திரிக்கு வர மாட்டேன்னா, நான் யார்கிட்ட போயி அழுவேன்?"

தாளில் இடம் தீர்ந்தது. ஓரத்தில் நெருக்கி எழுதினாள்.

"சீட்டு பறக்காம இருக்க அந்த உருண்டையத்தான் மேல வச்சிருக்கேன். கடையில குடுத்துறாதீங்க. போன வருஷம் அவ்வளவு நூலும் சேந்துதான் உங்க நெஞ்ச மூடுச்சு."