அம்மா பேரில் நான் போட்ட ஓட்டு

அன்பு மகள் சின்னுவுக்கு அப்பா எழுதுவது. வேளைக்குச் சாப்பிட்டு, வேளைக்கு மாத்திரை போட்டு, நான் நலமாகத்தான் இருக்கிறேன். நீயும் மாப்பிள்ளையும் உடம்புக்கு ஒன்றும் வராமல் சௌக்கியமாக இருக்க வேண்டும். போன ஞாயிற்றுக்கிழமை நீ போன் பண்ணி, வாட்ஸ்அப்ல பழைய பாட்டுக் குழுவில அம்மா பேர்ல ஓட்டு விழுந்திருக்கே, எப்படிப்பா என்று அழுதாய். ஏதோ கோளாறா இருக்கும்மா என்று சொல்லி வைத்துவிட்டேன். கோளாறு இல்லை, நான்தான். சொல்ல வாய் வரவில்லை, அதனால் எழுதுகிறேன்.

அம்மா போய் ஏழு வாரம் ஆகிறது. ஊரார் வீட்டு ஃபிரிட்ஜையெல்லாம் கழற்றி மாட்டுகிறவனுக்கு அவள் போனை அணைக்க மனசு வரவில்லை, தினமும் சார்ஜ் போட்டு வைக்கிறேன். அன்றைக்கு அது மணி அடித்தது. எடுத்துப் பார்த்தால் குழுவில் சிறந்த பாட்டுக்கு ஓட்டுப் போடுகிற போட்டியின் இந்த வருஷத்து இறுதிச் சுற்று, படகுப் பாட்டா மழைப் பாட்டா என்று. குழுவை நடத்துகிற ரிட்டையர்டு போஸ்ட்மாஸ்டர் எவ்வளவு கறார் என்று உனக்கே தெரியும், ஓட்டோடு ஒரு வரி காரணம் எழுதாவிட்டால் சேர்க்கவே மாட்டார். அம்மா காலையில் தையல் மிஷினில் உட்கார்ந்தால் படகுப் பாட்டைத்தானே போடுவாள், கடைசிச் சுற்றில் அவள் ஓட்டு இல்லாமல் போகக் கூடாதே என்று அதற்கே போட்டு, தினமும் காலையில் கேட்கிற பாட்டு என்று காரணமும் எழுதினேன். ஒரே ஓட்டில் படகுப் பாட்டு ஜெயித்தது. அவளே ஜெயித்த மாதிரி சந்தோஷத்தில் டீ போட்டேன், இரண்டு டம்ளரில் ஊற்றிவிட்டேன்.

மறுநாள் போஸ்ட்மாஸ்டர் அந்த போனுக்கு எழுதியிருந்தார், என்ன தையல் அக்கா, அஞ்சு வருஷமா மழைப் பாட்டுக்கே போட்டுட்டு ஃபைனல்ல காலை வாரிட்டீங்களே என்று. பழைய ஓட்டுகளையெல்லாம் தேடிப் படித்தேன். வருஷா வருஷம் அம்மா ஒரே காரணத்தைத்தான் எழுதியிருக்கிறாள். மகள் தூர தேசம் போன அன்னிக்கு பஸ்ல ஓடின பாட்டு, இவர் இதைக் கேட்டாலே எழுந்து போயிடறார், அதனால வீட்ல போடறதில்ல, இங்க ஓட்டு மட்டும் போட்டுக்கறேன் என்று. ஆமாம், எழுந்துதான் போவேன். நீ ஏறின பஸ் முனையில் திரும்பினது கண்முன் வந்துவிடும், அம்மா முன்னால் அழ வெட்கம். அவளுக்கும் அழ வேண்டியிருக்கும் என்று இத்தனை வருஷத்தில் ஒரு நாள்கூட எனக்குத் தோன்றவில்லை சின்னு. அவளுக்கென்று இருந்தது அந்த ஒரு ஓட்டு, அதையும் அவள் பேரிலேயே அவளுக்கு எதிராகப் போட்டுவிட்டேன். படகுப் பாட்டு எனக்குப் பிடித்த பாட்டு. தினமும் காலையில் எனக்காகத்தான் அதைப் பாட வைத்திருக்கிறாள்.

போஸ்ட்மாஸ்டரைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். அம்மா போனது அவருக்குத் தெரியாது. அந்த ஓட்டை எடுத்துடறேன், ரெண்டும் சமமாயிடும், வர்ற ஞாயிறு மறுபடி ஓட்டு, நீங்க உங்க பேர்ல சேருங்க என்றார். சேர்ந்துவிட்டேன். நேற்று மத்தியானம் அவள் மிஷின் பக்கத்தில் உட்கார்ந்து மழைப் பாட்டைப் போட்டேன். முடிகிற வரைக்கும் எழுந்திருக்கவில்லை. அவளிடம் சொல்ல வேண்டியது, உன்னிடம் சொல்கிறேன்.

வேலை வேலை என்று சாப்பாட்டைத் தள்ளிப் போடாதே, குளிரில் காதை மூடாமல் வெளியே போகாதே. நீங்கள் இருவரும் ஒரு குறையும் இல்லாமல் நீண்ட காலம் நன்றாக இருக்க வேண்டும், இது அம்மாவின் ஆசியும் சேர்ந்தது. ஞாயிற்றுக்கிழமை ஓட்டை மறந்துவிடாதே. என் காரணத்தை இப்போதே எழுதி வைத்திருக்கிறேன், ஒரு வரிதான்: இந்தப் பாட்டைக் கேட்டு எழுந்து போனவன் நான்.

உன் அப்பா