நடுவில் இருந்த ‘சரி’

அன்புள்ள சின்னவனுக்கு,

அப்பா எழுதுகிறேன். ஆமாம், நானேதான். யாரிடமும் சொல்லி எழுதவைக்கவில்லை. மாலை வகுப்பில் சேர்ந்து ஐந்து மாதம் ஆகிறது. கடிதம் கைக்கு வந்ததும் நீ வாயைப் பிளக்க வேண்டும் என்றுதான் இதுவரை மூச்சு விடவில்லை. “கரி வண்டி தள்ளினப்பகூட உங்களுக்கு இப்படி மூச்சு வாங்கலியே” என்று உன் அம்மா கேலி செய்கிறாள். ‘ழ’ போடும்போது என் நாக்கும் வெளியே வருகிறதாம். இரண்டு நாளாக எழுதுகிறேன். சந்தோஷம் தாங்கவில்லை. பயமும் தாங்கவில்லை.

அவள் எழுந்து போய்விட்டாள். இனி விஷயத்துக்கு வருகிறேன்.

நம் வரிசையில் கடைசி வீட்டுச் சுருட்டை, உன்னோடு பந்து விளையாடுவானே, அவன் புதன்கிழமை சுரங்கத்தில் இறந்துவிட்டான். கூரை இறங்கிவிட்டது. இருபத்திரண்டு வயது. அன்று காலை நான் விளக்குக் கொடுக்கும் ஜன்னலுக்கு வந்து, “பெரியப்பா, நோட்டுல என் பேரை நீங்களே எழுதுங்க பாப்போம்” என்றான். எழுதினேன். பட்டப்பேரை இல்லை, அவனுடைய நிஜப் பேரை; அதில் ஒரு துணைக்கால் விட்டுப்போயிற்று. “கால் இல்லாம எப்படிப் பெரியப்பா கீழ இறங்குவேன்?” என்று சிரித்தான். காலைப் போட்டுக் கொடுத்தேன்.

பிறகு மேற்பார்வையாளரிடம் போனான். முந்தின நாள் பார்த்தேன், மூன்றாம் பாதையில் கூரையைக் கம்பியால் தட்டினால் ‘கணீர்’ என்று வரவில்லை, ‘பொத்’ என்கிறது, மேலே பாறை பிளந்திருக்கிறது, முட்டுக் கொடுத்த பிறகு போகிறோம் என்றான். அவரோ, “எல்லாம் தட்டிப் பாத்தாச்சு. பயந்தாங்கொள்ளிக்கு இங்க என்னடா வேலை, இறங்கு” என்று விரட்டினார். ஜன்னலுக்கு இந்தப் பக்கம் நான் நின்றிருந்தேன். வாயைத் திறக்கவில்லை. அவனுடைய விளக்கு இன்னும் என் அடுக்குக்குத் திரும்பவில்லை.

நேற்று அலுவலகத்தில் கூப்பிட்டார்கள். எழுத்தர் மைப்பெட்டியைத் திறந்து வைத்து, “வழக்கமான காகிதம்தான் பெரியவரே, ரேகை வையுங்க” என்றார். முப்பத்தொரு வருடம் பழகிய விரல், தானாகவே மைக்குப் போய்விட்டது. நான் படிப்பேன் என்று அங்கே யாருக்கும் தெரியாது. தெரிந்தவன் சுருட்டை ஒருவன்தான். காகிதத்தில் ஒரு நீளமான வார்த்தை இருந்தது. அதன் நடுவில் ‘சரி’ என்பது மட்டும் கண்ணில் பட்டது. சரி என்றுதானே போட்டிருக்கிறது என்று விரலை இறக்கப் போனேன். முதல் எழுத்திலிருந்து படிக்க வேண்டும் என்று வகுப்பில் சொன்னது ஞாபகம் வந்தது. எச்-ச-ரி-த்-தும். ‘மேற்பார்வையாளர் எச்சரித்தும் கேளாமல் அவர் உள்ளே சென்றதை நான் நேரில் பார்த்தேன்.’

வயிற்றைக் கலக்குகிறது, திங்கட்கிழமை வருகிறேன் என்றேன்.

கிளம்பும்போது எழுத்தர் இன்னொன்றும் சொன்னார். இந்தக் காகிதம் முடிந்ததும் அந்த மேற்பார்வையாளருக்கு மாற்றல் வருகிறதாம். உன் சுரங்கத்துக்கு. “உங்க பையனுக்குத் தெரிஞ்ச மனுஷன் வர்றாரு, நல்லதுதானே” என்று சிரித்தார். மிரட்டினாரா, நல்லதற்குச் சொன்னாரா, எனக்குப் பிடிபடவில்லை. நான் ரேகை வைத்தால் அவர் உன் தலைக்கு மேல் வந்து நிற்பார். வைக்காவிட்டால் என் வேலையும் இந்த வீடும் போகும். உன்னை என்ன செய்வார்களோ. அம்மாவுக்கு ஒன்றும் தெரியாது.

நான் வைக்கப் போவதில்லை. ஆனால் அறைக்குள் அவர்கள் நாலு பேர் இருப்பார்கள். ஒரு கிழவன் விரலைப் பிடித்து அழுத்த எவ்வளவு நேரம் ஆகும்? ஆகையால் இதை நன்றாகப் பார்த்து வைத்துக்கொள். இதுதான் என் எழுத்து. கோணலாக இருக்கும், கால் விட்டுப்போகும். என் ரேகையோடு எந்தக் காகிதம் வந்தாலும் அது நான் சொன்னதல்ல. கேட்பவர்களிடம் இந்தக் கடிதத்தைக் காட்டு.

யார் தட்டியாச்சு என்றாலும் நீயும் ஒரு தடவை தட்டு. ‘பொத்’ என்று கேட்டால் யார் முகத்தையும் பார்க்காமல் வெளியே வந்துவிடு. ஊரெல்லாம் சிரிக்கட்டும். பயந்தாங்கொள்ளியாகவே நூறு வருடம் இரு, என் கண்ணே.

இப்படிக்கு,
உன் அப்பா,
என் கையால்.