நிறுக்காத பூ

சாத்தான்குளம்
2.6.2025

அன்புத் தங்கை சந்தனச்செல்விக்கு,

அண்ணன் சிவப்பிரகாஷ் எழுதுவது. இங்கு நானும் உன் அண்ணியும் சுகம். அங்கே நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா என்பதுதான் எங்கள் கவலை.

நம்மூர் அம்மன் கோயில் கும்பாபிஷேக அழைப்பிதழ் இத்துடன் இருக்கிறது. கடைசிப் பக்கத்தைப் பார். ‘27ஆம் தேதி வெள்ளி காலை 7.30 மணிக்கு விமானத்தில் இருந்து மலர் தூவுதல். விமானி: சந்தனச்செல்வி.’ கமிட்டித் தலைவர் தங்கப்பாண்டி அண்ணாச்சி பேருக்கு நேர் கீழே உன் பேர். நம் கோயில் நோட்டீஸில் ஒரு பொம்பளைப் பேர் வருவது இதுதான் முதல் தடவை. நீ விமானம் ஓட்டப் படிக்கப் போனபோது சிரித்தவர்கள் எல்லாம் இப்போது என் மளிகைக் கடைக்கு வந்து, “ஒன் தங்கச்சி எப்பலே வாரா?” என்று கேட்கிறார்கள்.

நீ சொல்லிக்கொடுக்கும் விமானப் பயிற்சிப் பள்ளியும் சம்மதித்து, அனுமதியும் வந்துவிட்டது. இனி எத்தனை பேர் ஏறலாம், எத்தனை கிலோ பூ ஏற்றலாம் என்று நீ தெளிவாக எழுது. கமிட்டியில் காட்ட வேண்டும். அண்ணாச்சி தன் கையால் முதல் பூ தூவ ஆசைப்படுகிறார். அவரோடு நானும் வருகிறேன்.

உன் அண்ணன்,
சிவப்பிரகாஷ்


வாகைக்குளம், தூத்துக்குடி
7.6.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

சாப்பிடுகிறேன். என் எடை அறுபத்தொன்று. இதை எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது, சிரிக்காமல் படி.

நாங்கள் பறக்கப்போவது நாலு சீட்டு, ஒற்றை இன்ஜின் பயிற்சி விமானம். உன் லோடு ஆட்டோவில் ‘இன்னும் ஒரு மூட்டை வைலே’ என்று ஏற்றுவது போல இதில் ஏற்ற முடியாது. தரையை விட்டுக் கிளம்பும்போது மொத்த எடை 1111 கிலோவைத் தாண்டக் கூடாது. வெறும் விமானம் 760. பெட்ரோல் 72. மிச்சம் 279. அதில் நான் 61, நீ 78. அண்ணாச்சியிடம் போனில் கேட்டேன், எண்பது என்றார். மிஞ்சுவது அறுபது. ஆனால் அறுபதுக்கும் பூ ஏற்ற முடியாது. பின்னால் சாமான் வைக்கிற இடத்துக்குத் தனி வரம்பு உண்டு, 54 கிலோ. அதற்கு மேல் வைத்தால் வால் கனத்து மூக்கு தூக்கிக்கொள்ளும். ஆக 54 கிலோ. ஒரு மாலைகூட அதிகம் வேண்டாம்.

அண்ணாச்சி முன் சீட்டில் இருக்கட்டும், அந்த ஜன்னல்தான் திறக்கும். நீ பின்னால் இருந்து பூவை எடுத்துக் கொடு. ஆனி மாதக் காற்று எட்டு மணிக்கு மேல் உப்பளம் பக்கமிருந்து சீறிக்கொண்டு வரும். மணிக்கு இருபத்தெட்டு கிலோமீட்டருக்கு மேல் பக்கவாட்டில் அடித்தால் கிளம்பவும் மாட்டேன், இறங்கவும் மாட்டேன். அதனால் ஆறு மணிக்கே வந்துவிடுங்கள். ஆளையும் பூவையும் இங்கே தராசில் நிறுத்த பிறகுதான் ஏற்றுவேன். இதையும் கமிட்டியில் படித்துக் காட்டு.

நோட்டீஸில் என் பேரைப் பத்து தடவை பார்த்துவிட்டேன். பள்ளியிலும் எல்லோரிடமும் காட்டினேன்.

தங்கை,
செல்வி


சாத்தான்குளம்
29.6.2025

செல்விக்கு,

நல்லபடியாக எழுத எனக்கு மனசு வரவில்லை.

நாலாயிரம் பேர் கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார்கள். மேளக்காரர்கள் கையை ஓங்கிக்கொண்டு நின்றார்கள். ஐயர் குடத்தைத் தூக்கிக்கொண்டு, “வருதா, வருதா?” என்று கேட்டார். வந்தது நாங்கள்தான், காரில், தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு. அண்ணாச்சி நேராகப் போய் மைக்கை வாங்கி, “பொம்பளப் பிள்ள, கடைசி நேரத்துல பயந்துட்டா. தப்பு நம்ம மேலதான், நம்பிட்டோம்” என்றார். ஊரே சிரித்தது. நான் எங்கே போய் முகத்தை வைத்துக்கொள்வேன்?

அம்மன் முன்னால் வைத்து, தேங்காய் உடைத்து, சூடம் காட்டி எடுத்து வந்த பூ அது. சாமிக்கென்று ஆன பூவைத் தராசில் வைக்கும் வழக்கம் நம்மிடம் உண்டா? உனக்குத் தெரியாதா? அது போதாதென்று விமான நிலையத்தில் அத்தனை பேர் முன்னால் அண்ணாச்சியையும் தராசில் ஏறி நிற்கச் சொன்னாய். “என்னைய நிறுக்கதுக்கு நான் என்ன ஆட்டுக்கிடாவா?” என்று அவர் கேட்டதில் என்ன தப்பு? உங்கள் மேனேஜரே ஒரு தடவைதானே போய்விட்டு வாருங்கள் என்றார். நீ விமானச் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு நடந்துவிட்டாய். ஐந்து பத்து கிலோ கூடினால் விமானம் விழுந்துவிடுமா?

கமிட்டிக்கு மன்னிப்புக் கடிதம் எழுதி அனுப்பு. பயந்துவிட்டேன் என்று ஒரு வரி போதும். எழுதாவிட்டால் இந்தப் பக்கம் வராதே.

சிவப்பிரகாஷ்


வாகைக்குளம்
2.7.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

எழுத மாட்டேன். ஒரு வரி என்ன, ஒரு எழுத்துகூட எழுத மாட்டேன்.

நீ ‘செல்விக்கு’ என்று மொட்டையாக எழுதினாலும் நான் அன்புள்ள அண்ணன் என்றுதான் எழுதுவேன். கோபம் எனக்கு உன்னைவிட அதிகம்.

மூட்டையின் ஓரத்தைத் தூக்கிப் பார்த்தேன். முழங்கை வரை தண்ணீர் வழிந்தது. பூக்காரர்கள் வாடாமல் இருக்க ராத்திரி முழுக்கத் தண்ணீர் தெளித்து ஈரச் சாக்கில் கட்டியிருக்கிறார்கள். வாங்கும்போது 54 கிலோ சரிதான், என் கைக்கு வந்தபோது அது எவ்வளவு? அண்ணாச்சி எண்பது கிலோவைத் தாண்டி இரண்டு சட்டசபைத் தேர்தல் முடிந்துவிட்டது, அதுவும் ஊருக்கே தெரியும். நிறுத்துக் காட்டுங்கள், கூடினதைக் குறைத்துவிட்டுப் போவோம் என்றுதான் சொன்னேன். ஒன்றிரண்டு மூட்டையை இறக்கியிருந்தால் போதும். நீ பின்னால் வராமல் இருந்தாலும் மொத்த எடை சரியாகியிருக்கும். யாராவது காதில் வாங்கினீர்களா?

சூடம் காட்டிய பூ என்று விமானத்துக்குத் தெரியாது, அண்ணே. கோபுரத்துக்கு மேல் தாழ, மெதுவாக, சாய்ந்து திரும்ப வேண்டும். கனம் கூடினால் அந்த இடத்தில்தான் இறக்கை காற்றில் பிடி விட்டு விமானம் விழும். கீழே நாலாயிரம் பேர். அதில் அண்ணியும் நின்றாள்.

பயம் என்றால், ஊர் என்ன சொல்லுமோ என்று அந்த மூட்டைகளை ஏற்றியிருப்பேன் பார், அதுதான் பயம். நோட்டீஸில் என் பேர் வந்ததற்கு நீ பட்ட சந்தோஷத்தைப் போல மூன்று பங்கு நான் பட்டேன். அதையும் விட்டுவிட்டுத்தான் நடந்து போனேன். அன்று பாத்ரூமில் போய் அழுதேன். அதை மைக்கில் சொல்ல வேண்டுமென்றால் தாராளமாகச் சொல்.

மூட்டைகளை நீதானே வண்டியில் திருப்பிக் கொண்டுபோனாய். கடையில் தராசு வைத்திருக்கிறாய். நிறுத்தாயா, இல்லையா? அதை மட்டும் எழுது.

தங்கை,
செல்வி


சாத்தான்குளம்
6.7.2025

அன்புத் தங்கைக்கு,

நிறுத்தேன்.

அன்று மதியமே நிறுத்தேன். கடையில் ஆளில்லாத நேரம். நீ சொன்னது பொய் என்று காட்ட வேண்டும் என்ற ஆத்திரத்தில்தான் மூட்டையைத் தராசில் ஏற்றினேன். அம்மன் கோபித்துக்கொள்வாளே என்றுகூட அப்போது தோன்றவில்லை. மூன்று மூட்டையும் சேர்ந்து எழுபத்தொன்று. வெயிலில் வண்டியில் கிடந்த பிறகும் எழுபத்தொன்று.

மறுநாள் அண்ணாச்சி கடைக்கு வந்தார். உன்னிடம் மன்னிப்புக் கடிதம் வாங்க வேண்டும் என்று சொல்ல வந்தவர், ஸ்டூலில் நான் எண்ணெய் டின்னை வைத்திருந்ததால், அரிசி மூட்டை நிறுக்கும் மேடைத் தராசின் மேலேயே உட்கார்ந்துவிட்டார். கடைக்கு வருகிற யாரும் அப்படித்தான் உட்காருவார்கள். அவர் பேசி முடிக்கிற வரை எனக்கு எதிரே சிவப்பு எழுத்தில் 104 எரிந்துகொண்டிருந்தது. கால் தரையில் இருந்தது, அதைக் கழித்தும் 104.

ஆக, 29ஆம் தேதி உனக்கு எழுதும்போது எனக்கு எல்லாமே தெரியும். தெரிந்துதான் எழுதினேன். இதைச் சொல்லாமல் என்னால் தூங்க முடியவில்லை. என்னை மன்னித்துவிடு செல்வி.

ஆனால் இது நமக்குள் இருக்கட்டும். நீ மன்னிப்புக் கடிதமும் எழுத வேண்டாம், நான் எப்படியாவது சமாளிக்கிறேன். அண்ணாச்சியைப் பகைத்துக்கொண்டு இந்த ஊரில் ஒருவன் கடை நடத்த முடியாது. நீ தூத்துக்குடியில் இருக்கிறாய், ஊர் பேசுவது உன் காதில் விழாது. ஆறு மாதத்தில் எல்லோரும் மறந்துவிடுவார்கள்.

அண்ணன்,
சிவப்பிரகாஷ்


வாகைக்குளம்
9.7.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். முதல் தடவை சந்தோஷமாக இருந்தது, இரண்டாம் தடவை சிரிப்பு வந்தது. மூன்றாம் தடவை உன் கடைசிப் பத்தியைக் கிழித்துப் போடலாம் போல இருந்தது.

காதில் விழாதா? அண்ணாச்சி மைக்கில் பேசியதை யாரோ வீடியோ எடுத்திருக்கிறார்கள். திருச்செந்தூர், ஆறுமுகநேரி என்று சுற்றிக் காயல்பட்டினம் வரை போய்விட்டது. என்னிடம் படிக்கும் யுஸ்ராவின் வாப்பா திங்கட்கிழமை பள்ளிக்கு வந்து, “இந்த டீச்சருக்குப் பயமாமே, எங்க புள்ளைக்கு வேற ஆள் போடுங்க” என்றார். மேனேஜர் மாற்றிவிட்டார். யுஸ்ரா தனியாகப் பறக்க இன்னும் இரண்டே பாடம் பாக்கி. நான் கற்றுக்கொடுத்த பிள்ளை இப்போது என்னைப் பார்த்தால் தலையைக் குனிந்துகொண்டு போகிறது. வேண்டாம் என்று சொல்லத் தெரிய வேண்டும் என்பதுதான் நான் அவளுக்குக் கொடுத்த பெரிய பாடம். அதற்குப் பேர் பயம் என்றால் இனி இங்கே எந்தப் பெண் வேண்டாம் என்று சொல்லுவாள்?

நீ கேட்ட மன்னிப்பைக் கொடுத்துவிட்டேன், அது என் அண்ணனுக்கு. ஆனால் என் பேரைக் கெடுத்தது மைக்கில். அதைக் காதோடு காதாகச் சரிசெய்ய முடியாது. உனக்குக் கடை இருப்பது போல எனக்கு இந்த வேலை இருக்கிறது. இதைத் தவிர எனக்கு வேறு ஒன்றும் இல்லை.

ஞாயிறு 13ஆம் தேதி கமிட்டிக் கூட்டம் என்று அண்ணி சொன்னாள். எழுபத்தொன்றும் நூற்று நான்கும் அங்கே சொல்லப்பட வேண்டும். நீ சொன்னால் நல்லது. பத்தரை வரை நம்மூர் பஸ் ஸ்டாண்டில் இருப்பேன். உன்னிடமிருந்து போன் வராவிட்டால் நானே உள்ளே வந்து மைக்கைக் கேட்பேன். வராதே என்று நீ எழுதினாயே, அதெல்லாம் எனக்கு ஒரு பொருட்டே இல்லை. யார் வீட்டுப் பேர் போனாலும் சரி.

தங்கை,
சந்தனச்செல்வி


சாத்தான்குளம்
14.7.2025

அன்புத் தங்கைக்கு,

நேற்று போனில் “ஆச்சு, நீ திரும்பிப் போ” என்று மட்டும்தான் சொன்னேன். மிச்சத்தை இதில் எழுதுகிறேன்.

மைக்கில் சொன்னதற்குப் பதிலை மைக்கில்தான் சொல்லுவேன் என்று வாங்கினேன். நீ ஜூன் மாதம் எழுதிய கடிதத்தை முதலில் படித்தேன், 1111இல் தொடங்கி 54 வரை. பிறகு, “பூ மூணு மூட்டையும் எழுபத்தொண்ணு. அண்ணாச்சி நூத்திநாலு. என் கடைத் தராசுல நானே பாத்தேன். பாத்தும் பதினஞ்சு நாளா வாயத் தொறக்கல. பயந்தது நான்தான், என் தங்கச்சி இல்ல” என்றேன். அதற்குள் மைக்கை நிறுத்திவிட்டார்கள். கடைசி வரியை மறுபடி கத்திச் சொன்னேன்.

ஒரே கூச்சல். பெண்கள் பக்கம் யாரோ கைதட்டினார்கள், அது அண்ணி என்று பிறகுதான் தெரிந்தது. இனி கோயிலுக்கு நம் வீட்டு வரி வாங்கப்போவதில்லை, கோயில் மரியாதையும் கிடையாது என்று தீர்மானம் போட்டுவிட்டார்கள். இன்று கடையில் பாதி வியாபாரம்கூட இல்லை. நாளைக்கும் திறப்பேன்.

இதையும் வீடியோ எடுத்திருக்கிறார்கள். யுஸ்ராவின் வாப்பாவுக்கு நம்பரைத் தேடிப் பிடித்து நானே அனுப்பிவிட்டேன்.

அண்ணாச்சி, “ஏலே, உக்காருலே!” என்று மூன்று தடவை சொன்னார். கூட்டம் முடிகிற வரை நின்றுகொண்டே இருந்தேன்.

உன் அண்ணன்,
சிவப்பிரகாஷ்